பாம்புக்குப் பயந்த அஞ்சலை

கேடயத்தின் ஒரு பக்கத்தை அதிகாரி பிடித்திருந்தார். மறுபக்கத்தை அஞ்சலை பிடித்திருந்தாள். இருவரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள். பிளாஷ் எரியவில்லை.

"அப்படியே இருங்க சார், ஒரு நிமிஷம்" என்று புகைப்படக்காரர் பேட்டரிகளைக் கழற்றிச் சட்டையில் தேய்க்க ஆரம்பித்தார். அப்படியே இருப்பது அதிகாரிகளுக்குக் கஷ்டமான காரியம். கையிலிருந்த கேடயத்தை விடாமல் கழுத்தை மட்டும் மைக் பக்கம் நீட்டி, பேசி முடித்த பேச்சை அவர் மறுபடியும் தொடங்கினார்.

"இந்த மண்ணுக்கு முதல் சொந்தக்காரங்க இருளர் மக்கள். அந்த இனத்துல பொறந்து, இன்னிக்குக் கல்லூரி வாசலை மிதிச்சிருக்கிற இந்தத் தங்கச்சியைப் பார்த்து நான் பெருமைப்படறேன்."

எங்கள் கல்லூரி அரங்கமே கை தட்டியது. இரண்டாம் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனியம்மா, அஞ்சலையின் அம்மா, என் மணிக்கட்டைப் பிடித்தார். நெல் காயவைத்துக் காயவைத்துச் சொரசொரப்பான கை.

"டீச்சரம்மா, நாங்க இருளருன்னு அந்த ஐயா சொன்னாரே, அது எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"வெளியில நிக்கிறவங்களுக்கு?"

"மரத்துக்கு மரம் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருக்காங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும்."

"அப்ப சரி" என்று கையை எடுத்துக்கொண்டார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது விளங்க வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். அஞ்சலை இருளர்தானா என்ற சந்தேகத்தில், அவளுடைய சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டிருந்த மேஜை, கேடயம் கொடுத்துக்கொண்டிருந்த அதே அதிகாரியின் மேஜை.

விலங்கியல் என்றால் பாம்பு

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் விரிவுரையாளர். ஒரு நாள் பியூன் வந்து, முதல்வர் கூப்பிடுகிறார் என்றார்.

"வாங்க வைதேகி மேடம். உங்களுக்குன்னே ஒரு பொறுப்பு வந்திருக்கு" என்றார் முதல்வர். விழா என்றால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. அப்போது அவர் முகத்தில் விழாக் களை தெரிந்தது. "பல்கலைக்கழகத்துலேருந்து சர்க்குலர். பழங்குடி மாணவர் ஆதரவு மையம் ஆரம்பிக்கணுமாம். நீங்கதான் ஒருங்கிணைப்பாளர்."

"சந்தோஷம் சார். ஆனா ஏன் நான்?"

"நீங்கதானே சுவாலஜி?"

"ஆமா சார்."

"நம்ம பக்கம் பழங்குடின்னா இருளர். இருளர்னா பாம்பு. பாம்புன்னா சுவாலஜி. இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு?"

யோசிக்க நிறைய இருந்தது. மனிதர்களுக்கு உதவும் வேலை எப்படி விலங்கியல் துறைக்கு வந்தது என்பது ஒன்று. எனக்குப் பாம்பென்றால் உயிர் போகும் என்பது இன்னொன்று. ஆய்வகத்தில் பாட்டிலுக்குள் ஃபார்மலினில் மிதக்கும் சாரைப்பாம்பைப் பற்றிக்கூட நான் லேபிள் பக்கத்தைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவேன். இரண்டையும் முதல்வரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

குழு அமைந்தது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், நிதியே இல்லாத மையத்துக்கு ஒரு பொருளாளர் என்று ஆசிரியர் அறையில் பாதிப்பேர் உள்ளே வந்துவிட்டார்கள். பழைய விளையாட்டுச் சாமான் அறையைக் காலி செய்து, வாசலில் பெயிண்ட் வாசனை போகாத பலகை மாட்டினோம். மாட்டி முடித்த பிறகுதான் யாருக்கோ தோன்றியது, நாம் ஆதரிக்க வேண்டிய மாணவர்கள் யார் என்று.

அலுவலகத்தில் தேடினார்கள். ஒரே ஒரு பெண் கிடைத்தாள். பி.காம். இரண்டாம் ஆண்டு, கோ. அஞ்சலை.

முதல் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டனுப்பினோம். நீளமான மேஜையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, மஞ்சள் சுடிதாரும் எண்ணெய் தடவிய இரட்டைச் சடையுமாக அவள் வாசலில் வந்து நின்றாள். எங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"நான் இன்னா மேடம் தப்பு பண்ணேன்?" என்றாள்.

கோப்பில் ஏறிய பயம்

தப்பு ஒன்றும் இல்லை, உதவி செய்யத்தான் கூப்பிட்டோம் என்று புரியவைக்க ஒரு டம்ளர் தண்ணீரும் கொஞ்ச நேரமும் ஆயிற்று. பிறகு மற்றவர்களை அனுப்பிவிட்டு நான் தனியாக அவளிடம் கேட்டேன்.

"உனக்கு என்ன உதவி வேணும், சொல்லு."

"சர்ட்டிபிகேட் வேணும் மேடம்."

சாதிச் சான்றிதழ் பின்னால் தரலாம் என்று தற்காலிகமாகத்தான் அவளைச் சேர்த்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டுக்குப் போகும் முன் அதைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் உதவித்தொகையும் இல்லை, படிப்பும் இல்லை. விசாரணைக்கு ஒருவர் வீட்டுக்கு வந்து போயிருந்தார்.

"வந்தவர் என்ன கேட்டார்?"

"பாம்பு புடிப்பியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குப் பாம்புன்னா பயம் மேடம். அத்தயே சொல்லிட்டேன்."

"அவர்?"

"எழுதிக்கினாரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்க வேண்டியிருக்கவில்லை, அவளே சிரித்தாள். "பேரு மட்டும் அஞ்சலை மேடம். பாம்பு, பல்லி, கரப்பான் எல்லாத்துக்கும் அஞ்சுவேன்" என்றாள். எங்கள் இருவருக்கும் இடையே நட்பு உண்டானது அந்த இடத்தில்தான். நானும் என் சாரைப்பாம்பு பாட்டில் ரகசியத்தை அவளிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி

பாம்பு என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். ஒரு மத்தியானம் எங்கள் சமையலறையில் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஒரு நல்ல பாம்பு. அம்மா போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. வந்த தெரு உள்ளே வரவில்லை, வாசலில் நின்று யோசனை சொன்னது. வடமொழிப் பண்டிதரான என் அப்பா கூடத்து ஊஞ்சல் பலகையின்மேல் ஏறி நின்று கருட மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். பயத்தில் அவர் உடம்பு ஆட, ஊஞ்சலும் ஆட, மந்திரம் முன்னும் பின்னுமாகப் போய் வந்தது.

யாரோ ஆற்றங்கரைப் பக்கம் போய் ஓர் இருளரை அழைத்து வந்தார்கள். அவர் கொல்லைப்புறமாக வந்தார், ஜாடியை நகர்த்தினார், பாம்பைச் சாக்கில் போட்டுக் கட்டினார். காய் நறுக்கும் நேரம்கூட ஆகவில்லை. பிறகு கொல்லையிலேயே நின்று காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அது என்ன வகை, ஆணா பெண்ணா, எத்தனை வயது என்று பாம்பைப் பற்றித் தெரு முழுக்க ஒரு வாரம் பேசியது. பிடித்தவரின் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

கருத்தடைக்காரி

அஞ்சலையின் வீட்டைப் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். செவிலிமேட்டில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, பாலாற்றுப் பக்கமாக நடந்தேன். ஆற்றில் தண்ணீரைத் தவிர மணல், முள், ஆடு எல்லாம் இருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய புளியமரம், அதைச் சுற்றித் தார்ப்பாய் போட்ட குடிசைகள்.

கைப்பையும் குடையுமாக என்னைப் பார்த்ததும் ஒரு குரல் எழுந்தது. அடுத்த நொடி அங்கிருந்த இளம்பெண்கள் எல்லோரும் காணாமல் போனார்கள். அடுப்பில் குழம்பு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. முள்ளுப் புதருக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

இடுப்பில் கைவைத்தபடி ஓர் அம்மாள் மட்டும் எதிரே வந்தார். ஒல்லியான உடம்பு, உரத்த குரல்.

"எனக்கு எப்பவோ பண்ணியாச்சு. போய்ட்டு வாம்மா" என்றார்.

"என்ன பண்ணியாச்சு?"

"அதாம்மா, ஆபரேசன். இங்க எல்லாருக்கும் ஆச்சு. பக்கெட்டு கூட குடுத்தாங்க. வேணும்னா அந்த பக்கெட்ட பாத்துட்டுப் போ."

நான் கருத்தடை முகாமுக்கு ஆள் பிடிக்க வந்தவள் இல்லை, அஞ்சலையின் கல்லூரி ஆசிரியை என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அய்யோ, டீச்சரம்மாவா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு புதர்ப் பக்கம் திரும்பி, "வாங்கடி வெளியே, இது படிப்புக்கு வந்த அம்மா" என்று கத்தினார். முள் குத்திய கால்களுடன் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிரித்துச் சிரித்து அவர்களுக்கு மூச்சு வாங்கியது.

அந்த அம்மாள்தான் முனியம்மா. கணவர் கோவிந்தன் செங்கல் சூளையில் வேலை செய்தார், பேச்சு குறைவு. அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் முனியம்மாவே பேசிவிடுவார்.

"இங்க எந்தப் புள்ளைக்கும் சர்ட்டிபிகேட் இல்லம்மா. பள்ளிக்கூடத்துல கேக்குறாங்க, குடுக்க முடியல, நின்னுடுதுங்க. அஞ்சல மட்டும் எப்டியோ தொத்திக்கினு போயிட்டா. அவளும் திரும்பி வந்துட்டான்னா இந்தச் சின்னதுங்களை நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பள்ளிக்கூடம் போன்னு சொல்றது?"

சுற்றி நின்ற சின்னதுகள் என் குடையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. வரும்போது வேடிக்கை பார்க்கிற மனசுடன்தான் வந்தேன். திரும்பும்போது அது இல்லை.

அடுத்த வாரம் நானும் அஞ்சலையும் சான்றிதழ் தர வேண்டிய அந்த அலுவலகத்துக்குப் போனோம். பிரிவில் இருந்த எழுத்தர் கோப்பைக்கூட எடுக்கவில்லை. "ஆதாரம் வேணும் மேடம். இவங்க இருளர்தான்னு எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டாங்க" என்றார். அடுத்த முறை முனியம்மாவும் வந்தார். அவரிடமும் அதையே சொன்னார், எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டாம்மா என்று.

மழை வேண்டி ஒரு பாட்டு

இதற்கிடையில் முதல்வர் மையத்தின் தொடக்க விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். சிறப்பு விருந்தினர், அந்த அதிகாரியேதான். நேரில் பார்த்தால் காரியம் நடக்கும் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

"பழங்குடி நடனம் ஒண்ணு வெச்சிடுங்க மேடம்" என்றார் முதல்வர்.

"யார் ஆடறது சார்?"

"அந்தப் பொண்ணுதான்."

அஞ்சலையைக் கேட்டேன். "எனக்கு சினிமா டான்ஸ்தான் மேடம் தெரியும். அதுவும் கூட்டத்துல மூணாவது வரிசையில நின்னாத்தான் வரும்" என்றாள்.

முதல்வர் விடவில்லை. நாடகக் குழுவின் அலமாரியைத் திறக்கச் சொன்னார். பச்சை பிளாஸ்டிக்கில் வெட்டிய இலைப் பாவாடைகள், கோழி இறகு செருகிய தலைப்பட்டைகள், மரக்கட்டை ஈட்டிகள் எல்லாம் பாச்சை உருண்டை வாசனையுடன் வெளியே வந்தன. அஞ்சலை ஒரு பாவாடையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இது இன்னா மேடம்?"

"பழங்குடி உடையாம்."

"எங்க வூட்ல யாரும் இத்த கட்டி நான் பாத்ததில்லையே. எங்கம்மா பாத்தா சிரிச்சே செத்துடும்."

அவள் சுடிதாரில்தான் வருவாள் என்று நான் முதல்வரிடம் சொன்னேன். "சுடிதார்ல வந்தா பழங்குடின்னு எப்படி மேடம் தெரியும்?" என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். கடைசியில் நாட்டு நலப்பணித் திட்டப் பையன்கள் ஆடுவதாக முடிவாயிற்று. நெசவாளர் வீட்டுப் பையன்களும் பட்டுக்கடை வீட்டுப் பையன்களுமாகச் சேர்ந்து, முகத்தில் கரி பூசிக்கொண்டு, இலை கட்டிக்கொண்டு தயாரானார்கள்.

விழா அன்று குடியிருப்பிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். தலைக்கு எண்ணெய், நெற்றி நிறையக் குங்குமம், துவைத்து மடித்த புடவை, ஆண்கள் வெள்ளைச் சட்டை. அவர்களை முன்வரிசைகளில் உட்காரவைத்தோம். மேளம் ஒலித்தது. பையன்கள் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு "ஹூ! ஹா!" என்று குதித்தார்கள்.

முனியம்மா என் காதருகே சாய்ந்தார்.

"இவங்கல்லாம் யாரும்மா? எந்த ஊரு?"

"நம்ம காலேஜ் பசங்கதாம்மா."

"பாவம், துணி கூட இல்லாம வந்துருக்குதுங்க" என்றார்.

முன்னால் ஆடியவன் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைப் பையன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். பின்னால் ஆடியவன் அவன் காலை மிதித்துவிட்டான். வலி தாங்காமல் அவன் "ஒரேய், காலு தீயரா!" என்று அலறினான், அதாவது காலை எடுடா என்று. மேளத்தின் தாளத்தோடு அது சரியாகப் பொருந்திவிட்டது. மற்றவர்களும் பாட்டின் பகுதி என்று நினைத்துக் "காலு தீயரா! காலு தீயரா!" என்று சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள்.

அதிகாரி ரசித்துத் தலையாட்டினார். "அவங்க பாஷையா? என்ன அர்த்தம்?" என்று முதல்வரைக் கேட்டார்.

முதல்வர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "மழை வேண்டிப் பாடறாங்க சார்."

எங்கள் ஊரில் பாதிப்பேருக்குத் தெலுங்கு தெரியும். அரங்கத்தில் பாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அஞ்சலை துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு முகத்தோடுதான் மேடை ஏறிக் கேடயம் வாங்கினாள். பிளாஷ் எரிந்தபோதும் அது போகவில்லை.

பித்தளைத் தகடு பதித்த கேடயம். 'இக்கல்லூரியின் முதல் இருளர் பழங்குடி மாணவி செல்வி கோ. அஞ்சலைக்கு' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. வழங்கியவர் என்று போட்டு, அதிகாரியின் பெயரும் பதவியும் பெரிய எழுத்தில் மூன்று வரி.

விழா முடிந்ததும் சான்றிதழ் பற்றிப் பேச அவரை நோக்கி ஓடினேன். மாலை, போளி, பட்டுச் சால்வை, முதல்வர் எல்லாவற்றையும் தாண்டி நான் போய்ச் சேர்வதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

பித்தளை எழுத்து

இரண்டொரு நாள் கழித்து அஞ்சலை என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "மேடம், எங்கம்மா ஆபீசுக்குக் கிளம்பிட்டாங்க. ஊரையே கூட்டிக்கினு போவுது. நீங்க வந்தா நல்லாருக்கும்" என்றாள்.

ஆட்டோ பிடித்துப் போனோம். அலுவலக வாசல் வேப்பமரத்தடி முழுக்கக் குடியிருப்பு மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே முனியம்மா எழுத்தரின் மேஜைமேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் கேடயத்தை நிறுத்தியிருந்தார். சூளைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்ததில் பித்தளை கண்ணைப் பறித்தது.

"ஷீல்டெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா" என்று எழுத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுத்துல இருந்தா கொண்டான்னு நீதானப்பா சொன்ன?"

"ஆமா, எழுத்துல. இது பித்தளை."

"பித்தளையில எழுதினா எழுத்து இல்லியா? கோயில்ல ராசா காலத்துல கல்லுல எழுதி வெச்சிருக்குதே, வெள்ளைக்காரன்லாம் வந்து பாத்துட்டுப் போறான். அத்த மட்டும் எழுத்துன்றீங்க?"

வரிசையில் நின்ற ஒரு விவசாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேடயத்தை உரக்கப் படித்தார். அதிகாரியின் பெயர் வந்த இடத்தில் குரலை இன்னும் உயர்த்தினார். உள்ளறைக் கதவு திறந்தது.

"யாருய்யா என் பேரைச் சொல்றது?" என்று அதிகாரி வெளியே வந்தார். கேடயத்தைப் பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வழியில் மனப்பாடம் செய்துவந்த பேச்சில் 'வணக்கம்' மட்டும்தான் மிச்சமிருந்தது. அதைச் சொன்னேன்.

முனியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். குரலில் சண்டை இல்லை.

"ஐயா, நாங்க இருளருன்னு நீங்க மைக்குல சொன்னீங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுச்சுன்னு டீச்சரம்மா சொன்னாங்க. இந்தத் தம்பி அதுக்கு ஆதாரம் இல்லன்றாரு. ஐயா சொன்னது நெசமா, தம்பி சொல்றது நெசமா, அத்த மட்டும் சொல்லிடுங்க. நாங்க போய்க்கினே இருக்குறோம்."

எழுத்தர் இழுப்பறைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார்.

"கோப்பை எடுத்துட்டு வாங்க" என்றார் அதிகாரி. கோப்பு வந்தது. நின்றபடியே புரட்டினார். ஓரிடத்தில் நின்று வாய்விட்டுப் படித்தார். "மனுதாரர் பாம்பைக் கண்டால் அஞ்சுவதாகத் தெரிவித்ததால், அவரது இனம் குறித்து ஐயம் எழுகிறது."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"பாம்புன்னா பயமாம்மா?" என்று அஞ்சலையைக் கேட்டார்.

"ஆமா சார்" என்றாள். கண்ணில் நீர் திரண்டிருந்தது. இந்தப் பதிலை முதலில் சொன்னதற்குத்தான் இத்தனை பாடு. ஆனாலும் மாற்றிச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

அவர் கோப்பை மூடினார். "எங்க அப்பா மாடு மேய்ச்சவர். எனக்கு சர்டிபிகேட் குடுக்கறப்ப யாரும் என்னை மாடு பிடிச்சுக் காட்டச் சொல்லலை" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு முனியம்மாவிடம், "நானே நேர்ல வந்து விசாரிக்கிறேன். உங்க ஊர்லயே வெச்சுக்கலாம்" என்றார்.

"வாங்க ஐயா. ஆனா வர்றதுக்கு முன்னாடி சொல்லி அனுப்புங்க. இல்லன்னா கருத்தடைன்னு நெனச்சி எல்லாம் ஓடிப்பூடும்."

புளியமரத்தடி

சொன்னபடி வந்தார். ஒரு கை ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியில், ஒடிந்த பக்கம் சாயாமல் ஜாக்கிரதையாக உட்கார்ந்தார். பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன சாமி கும்பிடுகிறீர்கள், எங்கே பெண் கொடுக்கிறீர்கள், எங்கே பெண் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். கன்னியம்மாவைச் சொன்னார்கள். மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போய் மணலில் சாமி செய்து கும்பிடுவதைச் சொன்னார்கள்.

அஞ்சலை விஷயம் முடிந்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முனியம்மா ஒரு சிறுமியை முன்னால் தள்ளினார்.

"இது அஞ்சல தங்கச்சி ஐயா. அக்கா இருளருன்னா இவ இன்னா?"

அதிகாரி உட்கார்ந்தார். "இவளும்தான்."

"இது எங்க அண்ணன் புள்ள. அது அவங்க அம்மாவோட அக்கா பொண்ணு. அந்த மூக்கு ஒழுகறது எங்க மாமனாரோட தம்பி பேத்தி. ஐயா, இங்க உறவு இல்லாததுன்னு பாத்தா அந்தப் புளியமரம் ஒண்ணுதான்."

அவர் சிரித்துவிட்டார். எழுத்தரைக் கூப்பிட்டு, எல்லோருடையதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். பொழுது சாயும்வரை எழுதினார்கள். பிறகு ஒரு நாள் சான்றிதழ்கள் வந்தன, அதே மரத்தடிக்கு.

அஞ்சலை தன்னுடையதை வாங்கிப் படித்தாள். ஓடிவந்து என்னிடம் காட்டினாள். அஞ்சலை என்பதை யாரோ நாகரிகப்படுத்தி 'அஞ்சலி' ஆக்கியிருந்தார்கள்.

"சுவத்துல போட்டோவோட ஒட்டுவாங்களே மேடம், அந்த அஞ்சலி. நான் இன்னும் உயிரோடதான இருக்குறேன்?"

எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டு, திருத்தி, முத்திரை வைத்துக் கொடுத்தார். அதுவரை அவள் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

பெரியவர்களுக்கும் எழுதியிருந்தார்கள். "திருமதி முனியம்மாள்" என்று அழைத்தார் எழுத்தர். யாரும் அசையவில்லை. மறுபடி அழைத்தார். முனியம்மாவும் சுற்றுமுற்றும் பார்த்தார், யார் அந்த அம்மாள் என்று.

"உன்னத்தாம்மா" என்று அஞ்சலை இடித்தாள்.

"நானா?" என்றார். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். அவ்வளவு பேசுகிற மனுஷி, அதை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கோவிந்தன்தான் பேசினார். "திருமதியாம்" என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

ஜூன் மாதம்

அஞ்சலை பி.காம். முடித்தாள். வங்கித் தேர்வு முதல் தடவை கைவிட்டது, அடுத்த தடவை கிடைத்தது. செய்யாற்றுப் பக்கம் ஒரு கிளையில் வேலை, இரண்டு குழந்தைகள், பொங்கலுக்குப் போன் செய்வாள்.

ஆனால் நான் முடிக்க நினைப்பது அதற்கு முன்பு வந்த ஒரு ஜூன் மாதத்தில். அவள் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டிருந்தாள். சேர்க்கை நடக்கும் நாள், கல்லூரி முன்வாசலில் ஒரே நெரிசல். குடியிருப்பிலிருந்து ஒரு பையனும் இரண்டு பெண்களும் சேர வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கவுன்ட்டரில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இருந்தவர் ஏதோ இல்லை என்றார். அவள் எடுத்து நீட்டினாள். நகல் இல்லை என்றார். நீட்டினாள். பின்னால் நின்ற பையனிடம், "நிமிந்து நில்லுடா, உன் பேர நீயே சொல்லு" என்றாள். அவன் சொன்னான், எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் இடித்துப் பிடித்து முன்னால் போய், "என்ன அஞ்சலை, நான் பேசட்டுமா?" என்றேன்.

"வேணாம் மேடம், ஆயிடுச்சு. நீங்க அப்டி நிழல்ல உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். பையனின் அப்பா என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "யாரு அந்தம்மா?" என்று அவளைக் கேட்டது காதில் விழுந்தது.

"நம்ம மேடம்தான். பயப்படாத, ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள் அஞ்சலை.

கேன்டீன் பையன் தட்டோடு வந்தான். ஒருங்கிணைப்பாளருக்கு அன்று வேறு வேலை எதுவும் இல்லாததால், ஒரு டீயை எடுத்து ஆற அமரக் குடித்தேன்.